காருக்கு வந்த மின்சாரப் பசி

விடியற்காலை மணி நாலரை. வாசலில் கார் நிற்கிறது.

கல்யாணத்துக்குப் போக வேண்டும். முகூர்த்தம் 6 மணிக்கு. வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவை சரசரக்கப் பின் சீட்டில் ஏறிவிட்டார்கள். பாட்டியின் மடியில் சீர்த் தட்டு இருக்கிறது. வீட்டுக்காரர் சாவியைத் திருப்புகிறார்.

"டிக்!"

அவ்வளவுதான். வேறு சத்தம் இல்லை. மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் "டிக்!"

செல்ப் எடுக்கவில்லை.

"பாட்டரி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையே!" என்கிறார் அவர். மைத்துனர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். பக்கத்து வீட்டுப் பையனும் ஓடி வருகிறான். இருவரும் சேர்ந்து காரைத் தள்ளுகிறார்கள்.

இது ஏதோ ஒரு வீட்டில் ஒருநாள் நடந்த சங்கதி அல்ல. கார் இருக்கும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். திட்டெல்லாம் பாட்டரிக்கு விழும். பாட்டரி விற்ற கடைக்காரருக்கும் கொஞ்சம் விழும்.

ஆனால், பல சமயங்களில் பாட்டரி பேரில் குற்றம் இல்லை. போன மாதம் காரின் முன்னால் இரண்டு புது விளக்குகள் பூட்டினார்களே, அதைப் பாருங்கள். டிக்கியில் பாட்டுக்காக ஒரு ஆம்ப்ளிபயர் வைத்தார்களே, அதையும் பாருங்கள். பந்தியில் ஆள் கூடிவிட்டது. உலையில் அரிசி கூடவில்லை.

செல்ப் எடுக்காமல் போவதோடு நின்றால்கூடப் பாதகம் இல்லை. தள்ளிவிட்டுப் போகலாம். மெல்லிய ஒயரில் பெரிய விளக்கைப் பூட்டி, அந்த ஒயர் காய்ந்து தீப்பிடித்தால்? காருக்குள் குழந்தைகள் அல்லவா இருக்கிறார்கள்!

கார்களுக்கு இந்தப் பசி எப்படி வந்தது? கார் செய்கிறவர்கள் அதை எப்படித் தீர்த்தார்கள்? அந்தக் கதை தெரிந்தால், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

கைப்பிடிக் காலம்

முதலில் வந்த கார்களுக்கு மின்சாரம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்ற வைக்க ஒரு பொறி வேண்டும். அதற்குச் சிறிது மின்சாரம் போதும். விளக்குகள் கார்பைடு வாயுவில் எரிந்தன. அல்லது மண்ணெண்ணெயில் எரிந்தன.

காரைக் கிளப்புவது எப்படி? எஞ்சினுக்கு முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். கிணற்று ராட்டினம் சுற்றுவது போல என்று நினைத்துவிடாதீர்கள். ராட்டினம் திருப்பி அடிக்காது. இது அடிக்கும்!

பொறி கொஞ்சம் முந்திவிட்டால் எஞ்சின் பின்பக்கமாகச் சுழலும். கைப்பிடி சடாரென்று எதிர்த்து வந்து மணிக்கட்டை முறிக்கும். இப்படி எலும்பு முறிந்து வந்தவர்கள் ஏராளம். அந்த முறிவுக்கே டாக்டர்கள் "டிரைவர் முறிவு" என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் காடிலாக் கார் கம்பெனியை நடத்தியவர் ஹென்றி லேலண்ட். வழியில் நின்றுபோன ஒரு காரைக் கிளப்ப உதவி செய்யப்போன அவருடைய நண்பர், கைப்பிடி அடித்த காயத்தால் இறந்தார் என்று சொல்லப்படுவது உண்டு. கைப்பிடி இல்லாமல் கார் கிளம்ப வேண்டும் என்று லேலண்ட் முடிவு செய்தார். அந்த வேலையை ஒப்புக்கொண்டவர் சார்லஸ் கெட்டரிங்.

கல்லாப் பெட்டியில் கற்ற பாடம்

கெட்டரிங் ஓஹியோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876ல் பிறந்தவர். டேட்டன் நகரில், கடைகளுக்குக் கல்லாப் பெட்டி மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த மெஷினைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. கெட்டரிங் அதற்கு ஒரு சின்ன மின்சார மோட்டாரை வைத்தார்.

அப்போது அவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். கல்லாப் பெட்டி நாள் முழுவதும் ஓடப்போவதில்லை. ஒரு விநாடி ஓடினால் போதும். ஒரு விநாடிதான் வேலை என்றால், சின்ன மோட்டாரையும் அதன் பலத்துக்கு மீறி வேலை வாங்கலாம். அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

காரைக் கிளப்ப எஞ்சின் அளவுக்கு மோட்டார் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெட்டரிங் கல்லாப் பெட்டியை நினைத்துக்கொண்டார். டேட்டனில் ஒரு கொட்டகையில், சில நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1911ல் அவருடைய "செல்ப் ஸ்டார்ட்டர்" ஒரு காடிலாக் காரைக் கிளப்பியது. 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது.

முழங்கை பலம் இல்லாதவர்களும் காரைக் கிளப்ப முடிந்தது. பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் தாங்களே காரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கெட்டரிங் ஒரு மோட்டாரை மாத்திரம் பூட்டிவிட்டுப் போகவில்லை. மோட்டாருக்குத் தீனி போட ஒரு பாட்டரி வைத்தார். பாட்டரி காலியானால் நிரப்ப ஏற்பாடு செய்தார். கிளப்பும்போது மோட்டாராக இருந்த அதே மெஷின், கார் ஓடத் தொடங்கியதும் டைனமோவாக மாறி மின்சாரம் தந்தது. அதைக்கொண்டே விளக்கையும் எரிய வைத்தார். அதாவது, செலவு எவ்வளவோ அதற்கு ஏற்ற வரவையும் சேர்த்தே கொடுத்தார்.

ஆறு பன்னிரண்டு ஆனது

மின்சாரம் வீட்டுக்குள் வந்தால் சாமான் ஒவ்வொன்றாகச் சேர்வது வழக்கம்தானே! காரிலும் அப்படியே ஆயிற்று.

மின்சார ஹாரன் வந்தது. மழைத் தண்ணீரைத் துடைக்கும் வைப்பர் வந்தது. 1930ல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி "மோட்டரோலா" என்ற பெயரில் காரில் வைக்கும் ரேடியோவை விற்றது. அதற்கும் பாட்டரியிலிருந்துதான் மின்சாரம்.

அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் பாட்டரி இருந்தது. 1950களில் அமெரிக்காவில் பெரிய எஞ்சின்கள் வந்தன. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் எஞ்சினை 6 வோல்ட் பாட்டரியால் அசைக்க முடியவில்லை.

வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர் என்றால் என்ன? மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் விழும். அந்த அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். அழுத்தத்தையும் அளவையும் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். அது வாட்.

வோல்ட்டை இரண்டு மடங்கு ஆக்கினால், அதே வேலைக்குப் பாதி ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் ஒயரில் வீணாகும் சூடு கால் பங்காகக் குறைகிறது. அதனால் 1953 முதல் 1956க்குள் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் "வண்டு" கார் மாத்திரம் பிடிவாதமாக இருந்தது. அமெரிக்காவுக்குப் போன வண்டுகளே 1967 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தன.

மாறியபோது பாட்டரியை மாத்திரம் மாற்றவில்லை. பல்பு, டைனமோ, ஸ்டார்ட்டர், ஹாரன் எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

டைனமோவுக்கு ஓய்வு

அடுத்த தொல்லை டைனமோவிடம் வந்தது.

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் பாகத்தில். சுழலும் பாகத்திலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கக் கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். மிக வேகமாகச் சுற்றினால் அந்த இடம் தாங்காது. ஆகவே மெதுவாகச் சுற்றும்படி வைத்தார்கள். விளைவு? கார் வேகமாக ஓடும்போது மின்சாரம் வரும். சிக்னலில் நிற்கும்போது வராது!

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. அதில் மின்சாரம் பிறப்பது நிலையாக இருக்கும் பாகத்தில். உரசும் கார்பன் வழியாகப் போவது மிகச் சிறிய மின்சாரம்தான். எனவே அதைப் பல மடங்கு வேகமாகச் சுற்றலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் கிடைக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஆல்டர்னேட்டர் தருவது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்சாரம். பாட்டரிக்கு ஒரே பக்கமாக ஓடும் மின்சாரம்தான் வேண்டும். சிலிக்கன் டயோடு என்ற சின்னஞ்சிறு சாமான் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. டயோடு ஒரு வழிப் பாதை. போகலாம், திரும்பி வர முடியாது. 1960ல் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் கார்களில் ஆல்டர்னேட்டரை வைத்தது.

நம் நாட்டுச் சாலைகளுக்கு இது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர் காரைத் தெரியாதவர் யார்? 2014ல் அதன் உற்பத்தி நின்றது. அதன் பழைய மாடல்களில் டைனமோதான். முழு வேகத்தில் சுமார் 20 ஆம்பியர் கொடுக்கும். இரவில் சிக்னலில் நின்றால் முகப்பு விளக்கு அகல் விளக்கு போல மங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரகாசிக்கும். "கட்-அவுட்" ஒட்டிக்கொண்டது, கார்பன் தேய்ந்துவிட்டது என்று டாக்சிக்காரர்கள் அடிக்கடி எலெக்ட்ரீஷியன் கடையில் நிற்பார்கள்.

சென்னையில் பாடியில் இருக்கும் லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை 1961ல் தொடங்கப்பட்ட நிறுவனத்தைச் சேர்ந்தது. மோட்டார் வண்டிகளின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அங்கே தயாராகின்றன.

குளிர்சாதனம் வேண்டும் என்று ஆசைப்பட்ட அம்பாசிடர்காரர்கள் டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டினார்கள். பழைய பிரிட்டிஷ் மாடல் கார்கள் சிலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் பக்கம் பாடியோடு சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் நொடியில் கருகிவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக் அதை முதலில் பார்த்து மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

இப்போது 48

பசி அதோடு தீர்ந்ததா? இல்லை. கண்ணாடி ஏற்ற மோட்டார், ஸ்டீரிங் திருப்ப மோட்டார், சீட்டுக்கு மோட்டார், எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் என்று வந்துகொண்டே இருந்தன.

1990களில் 42 வோல்ட்டுக்குப் போகலாம் என்று கார் கம்பெனிகள் கூடிப் பேசின. செலவு கட்டுபடியாகவில்லை. திட்டம் படுத்துவிட்டது. பிறகு 48 வோல்ட் வந்தது. 2016ல் ஜெர்மனியின் ஆடி கம்பெனி ஒரு பெரிய காரில், எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் மோட்டாருக்காக 48 வோல்ட் வைத்தது. 2023ல் வெளிவந்த டெஸ்லாவின் சைபர்டிரக் வண்டியில் விளக்கு முதலிய சாதாரணச் சாமான்களுக்கும் 48 வோல்ட்தான்.

12க்கு 48 நாலு மடங்கு. ஆகவே ஆம்பியர் கால் பங்கு. ஒயரில் வீணாகும் சூடு பதினாறில் ஒரு பங்கு! 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால் கை பட்டாலும் ஷாக் அடித்து ஆபத்து வராது என்பது இன்னொரு வசதி.

ஒரு வேடிக்கை. பெட்ரோலே வேண்டாத மின்சாரக் கார்களிலும், வயிற்றுக்கடியில் இருக்கும் பெரிய பாட்டரி போக, 12 வோல்ட் குட்டிப் பாட்டரி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. கதவுப் பூட்டும் கம்ப்யூட்டரும் விளக்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன. குட்டி படுத்துவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பெரிய பாட்டரி நிறைந்து இருந்தும் கார் நகராது!

கணக்குப் பாருங்கள்

சரி. கம்பெனிக்காரர்கள் வோல்ட்டையே மாற்றுவார்கள். வீட்டில் இருக்கும் 12 வோல்ட் காருக்குக் கூடுதலாக ஏதாவது பூட்ட வேண்டுமானால் என்ன செய்வது?

முதலில் பேனாவும் காகிதமும் எடுக்க வேண்டும்.

மழை பெய்யும் இரவில் ஒரு சின்னக் கார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பு விளக்கு இரண்டும் 110 வாட். மற்றச் சின்ன விளக்குகள் 40. வைப்பர் 60. உள்ளே காற்று வீசும் விசிறி 150. குளிர்சாதனத்தின் கிளட்ச் 45. ரேடியேட்டர் விசிறி 120. எஞ்சினின் சொந்தச் செலவு, அதாவது பெட்ரோல் பம்பு, பொறி, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 150. தோராயமான கணக்குதான். கூட்டினால் 675 வாட்.

எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது 12 வோல்ட் அல்ல. ஏறக்குறைய 13½ முதல் 14½ வரை இருக்கும். 675ஐ 13½ ஆல் வகுத்தால் 50 ஆம்பியர்.

அந்தக் காரின் ஆல்டர்னேட்டரில் 60 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. "பத்து மிச்சம் இருக்கிறதே!" என்று சந்தோஷப்படாதீர்கள். எழுதியிருப்பது எஞ்சின் வேகமாக ஓடும்போது கிடைப்பது. போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது பாதிதான் கிடைக்கலாம். மீதியைப் பாட்டரி கொடுக்கிறது. பிறகு கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அந்தக் கடனை அடைக்கிறது.

இப்போது இரண்டு மூடுபனி விளக்குகளைச் சேருங்கள். 110 வாட். ஆம்ப்ளிபயர் 300 வாட். மொத்தம் 410. இன்னும் 30 ஆம்பியர் வேண்டும். ஆக 80! ஆல்டர்னேட்டர் உயிரை விட்டுச் சுற்றினாலும் 60தான். குறைகிற 20 ஆம்பியர் பாட்டரியிலிருந்து போகிறது. சின்னக் கார் பாட்டரியில் 35 ஆம்பியர்-மணி இருக்கும். அதாவது 20 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒன்றே முக்கால் மணியில் காலி என்பது கணக்கு. உண்மையில் அதற்கு முன்பே சோர்ந்துவிடும்.

இரவு பாட்டுக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேருகிறார்கள். காலையில் ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. பாட்டரியிடம் எது? "டிக்!"

பெரிய பாட்டரி வாங்கிப் போட்டால் தீருமா? தீராது. பாட்டரி தொட்டிதான், ஊற்று அல்ல. பெரிய தொட்டி கட்டினால் காலியாவதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஊற்று என்பது ஆல்டர்னேட்டர். அதே காரின் உயர்ந்த மாடலில் இன்னும் பெரிய ஆல்டர்னேட்டர் இருப்பது உண்டு. அது பொருந்துமா என்று பார்ப்பது நல்ல யோசனை. அதைப் பூட்டினால், அதிலிருந்து பாட்டரிக்குப் போகும் ஒயரையும், எஞ்சினிலிருந்தும் பாட்டரியிலிருந்தும் பாடிக்குப் போகும் எர்த்து ஒயரையும் தடிமனாக்க வேண்டும். போன மின்சாரம் திரும்பி வர வேண்டாமா? பலர் மறப்பது இந்த எர்த்தைத்தான்.

மின்சாரம் சும்மா வருவதில்லை. 60 ஆம்பியர் கொடுக்கும்போது ஆல்டர்னேட்டர் 840 வாட் தருகிறது. அது ஒரு குதிரை சக்திக்கு மேல். பெல்ட்டிலும் சூட்டிலும் வீணாவதைச் சேர்த்தால், எஞ்சினிடமிருந்து அதற்கும் அதிகமாகவே இழுக்கும். எல்லாம் பெட்ரோல்தான்.

நூறு வாட் பல்பு

கடையில் 100 வாட் முகப்புப் பல்பு கிடைக்கிறது. இருந்த 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு அதைச் செருகுகிறார்கள். ஒயர் பழையது. சுவிட்சு பழையது.

முன்பு 10 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 16½க்கு மேல் ஓடுகிறது. ஒயரில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்கு ஆகும் என்று நினைத்தால் தவறு. ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது! பல்புக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பிடி முதலில் பழுப்பாகும். பிறகு உருகும். ஸ்டீரிங்குக்குக் கீழே சுவிட்சு தீய்ந்த வாடை வரும்.

இத்தனைக்கும் கொடுத்த காசுக்கு வெளிச்சம் வருவதில்லை. மெல்லிய ஒயரிலேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறையும். எதிரே வருகிறவரின் கண் கூசுவது தனி. பல கார்களில் பழைய பல்பையே வைத்துக்கொண்டு நல்ல ஒயர் போட்டாலே வெளிச்சம் கூடிவிடும்!

அதற்கு உதவுவது ரிலே என்ற சின்னப் பெட்டி. மேஸ்திரி கையைக் காட்டுகிறார். பாரத்தைத் தூக்குவது சுமைக்காரர். அது போலத்தான் இதுவும். சுவிட்சு வழியாகப் போவது கால் ஆம்பியர்கூட இல்லை. அது ரிலேக்குள் இருக்கும் காந்தத்தை இழுக்கிறது. காந்தம் தடித்த தொடர்பை மூடுகிறது. பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரில் விளக்குக்கு மின்சாரம் போகிறது. சுவிட்சு பிழைத்தது.

எல்.ஈ.டி. விளக்கு குறைந்த வாட்டில் அதே வெளிச்சம் தரும். பசியைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால், பழைய ஹாலஜன் பல்புக்கென்று செய்த குடுவைக்குள் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். விளக்கையே முழுசாக மாற்றுவது நல்லது.

காவல்காரனைக் கொல்லாதீர்கள்

பியூஸ் எதற்காக? விளக்கைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒயரைக் காப்பாற்ற.

ஒயரின் தோல் தேய்ந்து எங்காவது பாடியில் பட்டுவிட்டால், பாட்டரி தன்னிடம் உள்ள அத்தனையையும் அந்த ஒயரில் கொட்டும். பல நூறு ஆம்பியர்! கண் மூடித் திறப்பதற்குள் ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். அதற்கு முன் தான் எரிந்து வழியை அறுப்பதுதான் பியூஸின் வேலை.

ஆகவே அது பாட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தால், பாட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயருக்குக் காவல் இல்லை.

எத்தனை ஆம்பியர் பியூஸ்? இரண்டு 55 வாட் விளக்குகளுக்கு 9 ஆம்பியர் சுமார் ஓடும். 2½ சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் பியூஸும் சரியாக இருக்கும். 15 ஆம்பியர் பியூஸ் நீல நிறம். 10 சிவப்பு, 20 மஞ்சள், 30 பச்சை. ஒயர் பல இழைகளாக முறுக்கியதாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் ஓட்டும் ஒற்றைக் கம்பி, காரின் குலுக்கலில் ஒடிந்துவிடும்.

பியூஸ் அடிக்கடி போகிறதா? ஒயரில் எங்கோ கோளாறு என்று அர்த்தம். "ஒன்றும் ஆகாது, சார்!" என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைக்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். 15 இருந்த இடத்தில் 30ஐ வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விளக்கு எரியும். காவல்காரன் செத்துவிட்டான். அடுத்த தடவை எரியப்போவது பியூஸ் அல்ல, ஒயர். ஒயர் போகும் வழியிலேதான் பெட்ரோல் குழாயும் போகிறது.

எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் துளை போட்டு ஒயரை இழுக்கும்போது, துளைக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ச் சாமான்தான். அது இல்லாவிட்டால் தகர விளிம்பு கத்தி போல ஒயரின் தோலை நாள்தோறும் சீவிக்கொண்டிருக்கும்.

ஆம்புலன்ஸ் வண்டிகளில் இரண்டாவது பாட்டரி ஒன்று வைப்பது உண்டு. கருவிகள் எல்லாம் அந்தப் பாட்டரியில் ஓடும். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியை அவை தொடாது. நடுவே இருக்கும் ஒரு கருவி, எஞ்சின் ஓடும்போது மாத்திரம் இரண்டையும் சேர்க்கும், நின்றதும் பிரித்துவிடும். இரவெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கும் விசிறியும் போடுகிற வேன்களுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

புதுக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல புதுக் கார்களில் பாட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்து, போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் கணக்கு எழுதுகிறது. புதுச் சாமானின் எர்த்து ஒயரை நேராக அந்த முனையில் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. பாடியில் கொடுக்க வேண்டும். கம்பெனி உத்தரவாதம் இருக்கும் காரில் ஒயரை வெட்டுவதற்கு முன் அவர்களைக் கேட்பது நல்லது.

வேலை முடிந்ததும்

எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்துக் கூலிக்குக் கை நீட்டும்போது, பத்து நிமிடம் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

எஞ்சினைக் கிளப்பி, எல்லா விளக்கையும் விசிறியையும் பாட்டையும் போடச் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டு, பாட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 13½க்கு மேல் காட்டினால் நல்லது. 12½க்குக் கீழே இறங்கினால், வரவைவிடச் செலவு அதிகம் என்று பொருள். எதையாவது கழற்ற வேண்டும். அல்லது ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும். 15க்கு மேல் போனால் அதுவும் கெடுதல். பாட்டரி கொதித்துவிடும்.

பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, புது ஒயரையும் ரிலேயையும் பியூஸ் பிடியையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டால், எலெக்ட்ரீஷியன் தன் பையை மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.